கறுப்பு ஜல்லி பிறந்த கதை

1860-ஆம் ஆண்டுவாக்கில் பிரான்ஸ் நாட்டின் வெசூல் நகரத்தில் ழான் லூயி மூராஸ் என்பவர் ஒரு வீட்டுக்குக் கல்தொட்டி கட்டினார். நோக்கம் ரொம்பச் சாதாரணம். கழிப்பறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வருவதெல்லாம் ஒரு குழாய் வழியாகத் தொட்டிக்குள் விழ வேண்டும். வழிகிற தண்ணீர் இன்னொரு குழாய் வழியாக வெளியேற வேண்டும். தொட்டி நிறைந்தால் ஆள் விட்டு அள்ளிக்கொள்ளலாம். இரவில் வண்டியோடு வந்து மலம் அள்ளிப் போகிறவர்கள் அன்றைய ஐரோப்பிய நகரங்களில் இருந்தார்கள். நம் ஊரில் அந்த வேலையை யார் தலையில் கட்டினோம் என்பது தனிக் கதை, வெட்கப்பட வேண்டிய கதை. வருஷங்கள் ஓடின. தொட்டி நிறையவே இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் போல் கழிந்தபின் மூடியைத் திறந்தார்கள். ஒரு குடும்பத்தின் அத்தனை வருஷக் கழிவும் உள்ளே கெட்டிப்பட்டுக் கிடந்திருக்க வேண்டும். மேலே மெல்லிய ஏடும் கீழே கலங்கல் தண்ணீரும்தான் இருந்தன. போட்டதெல்லாம் எங்கே போயிற்று? மூராஸுக்கு விளங்கவில்லை. அறிவியல் பத்திரிகை நடத்திவந்த முவாஞ்ஞோ என்ற பாதிரியாருடன் சேர்ந்து சோதனைகள் செய்தார். 1881-ல் காப்புரிமையும் வாங்கினார். காற்றில்லாத இடத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் உண்டு என்று லூயி பாஸ்டர் 1861-லேயே சொல்லியிருந்தார். கூலி கேட்காத அந்த வேலையாட்கள்தாம் இருட்டுத் தொட்டிக்குள் இரவு பகலாக உழைத்திருந்தார்கள். ஆனால், வேலையைப் பாதியிலேயே விட்டுவிட்டிருந்தார்கள்.

அந்தப் பாதி வேலை தெரியவருவதற்கு முன் தொட்டிக்குப் பெரும் புகழ் வந்துவிட்டது. 1895-ல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரப் பொறியாளர் டொனால்டு கேமரூன் இதே யோசனையை ஊர்ச் சாக்கடைக்கே பெரிதாகக் கட்டினார். ‘செப்டிக் டேங்க்’ என்று அவர் வைத்த பெயர்தான் நிலைத்தது. தொட்டியில் கிளம்பிய வாயுவைப் பிடித்து அங்கேயே விளக்கெரித்துக் காட்டினார். பம்பாய் மாதுங்காவில் ஒரு தொழுநோயாளர் இல்லத்தில் 1897-ல் அந்த வாயுவைக் கொண்டு எந்திரமே ஓட்டினார்கள். கேமரூன் பெயரில் இருந்த கம்பெனி அமெரிக்காவில் காப்புரிமைப் பணம் கேட்டு சரட்டோகா ஸ்பிரிங்ஸ் என்ற ஊரைக் கோர்ட்டுக்கு இழுத்தது. மலக்குழிக்கு ராயல்டியா என்று நகராட்சிகள் கொதித்தன. விளக்கு, எந்திரம், வழக்கு என்று பேச்செல்லாம் தொட்டியைச் சுற்றியே இருந்தது. தொட்டியின் மறுமுனைக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் பக்கம் கவனம் திரும்பச் சில காலம் ஆயிற்று.

வில்லன் அந்தத் தண்ணீர்தான். பார்வைக்குத் தெளிந்ததுபோல் இருந்த அதில் நோய்க்கிருமிகள் அப்படியே இருந்தன. கிணற்றில் கலந்தால் டைபாய்டு, காலரா. தெருவோரம் விட்டால் நாற்றம். மிச்சப் பாதி வேலையைச் செய்ய வேறு வேலையாட்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் இருந்த இடம் மண். காற்றோட்டமுள்ள சில அடி மண்ணைக் கடந்து மெல்லக் கசிந்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அந்தத் தண்ணீரைப் பெருமளவு சுத்தம் செய்துவிடும். ஒரே இடத்தில் கொட்டினால் மண் சேறாகிவிடும் என்பதால் நீளமாக வாய்க்கால் வெட்டினார்கள். அடியில் ஓர் அடி உயரத்துக்கு ஜல்லி, ஜல்லி மேல் துளையிட்ட குழாய், குழாயை மூட இன்னும் கொஞ்சம் ஜல்லி, அதற்கு மேல் மண், மண் மேல் புல். நம் ஊரில் இதையே குழியாகத் தோண்டி உறிஞ்சுகுழி என்போம். அகல இடம் கிடைத்த நாடுகளில் அது வாய்க்கால் வரிசையாயிற்று. இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. ஜல்லி எதையும் பெரிதாகச் சுத்தம் செய்துவிடவில்லை. வாய்க்கால் சரிந்து மூடாமல் இடம் பிடித்து வைப்பது, மண் குடிக்கும் வரை தண்ணீரைத் தன் இடுக்குகளில் நிறுத்தி வைப்பது, இவைதாம் அதன் வேலை. அப்படியென்றால் அந்த வேலைக்குக் கல்லேதான் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு எழவில்லை.

எழுந்தது வேறு கேள்வி. எந்த மண் எவ்வளவு குடிக்கும்? 1920-களில் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரியான் என்ற பொறியாளர், நன்றாக வேலை செய்த வாய்க்கால்களுக்கும் கெட்டுப்போன வாய்க்கால்களுக்கும் பக்கத்தில் போய்ச் சிறு குழிகள் தோண்டினார். தண்ணீர் ஊற்றினார். ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தார். மணல் மண்ணில் சட்டென்று இறங்கியது, களிமண்ணில் அசையவே மறுத்தது. குழியும் குடமும் கடிகாரமும் மட்டுமே கேட்ட இந்தச் சோதனை பல நாட்டு விதிப் புத்தகங்களில் ஏறியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர்களில் அமெரிக்கர்கள் லட்சக்கணக்கில் வீடு கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொட்டி, ஒவ்வொரு தொட்டிக்கும் சில லோடு ஜல்லி. சில ஆண்டுகளில் பல வீட்டுப் புல்வெளிகள் மழையில்லாமலே சொதசொதத்தன.

காரணத்தைத் தேடி அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சின்சினாட்டி ஆய்வகத்தில் ஆராய்ச்சி நடத்தி, 1957-ல் கையேடு ஒன்றை வெளியிட்டது. வாய்க்காலின் அடியில், ஜல்லி மண்ணைத் தொடும் இடத்தில், ஒரு கறுத்த வழவழப்புப் படலம் உருவாகி மண்ணின் வாயை அடைத்தது. போதாக்குறைக்கு, கழுவாமல் கொட்டிய ஜல்லியோடு வந்த கல்தூள் இறங்கி மண்துளைகளை அடைத்தது. கல் தன் எடையால் ஈரமண்ணில் பதிந்து இன்னும் கொஞ்சம் அடைத்தது. கழுவிய கல்லாகப் போடு, நீளத்தைக் கூட்டு என்பதுதான் கிடைத்த தீர்வு. மலைப்பக்கத்து மாநிலங்களுக்கு அது பெரிய செலவில்லை. தென்கிழக்குக் கடலோரச் சமவெளியில் எங்கே தோண்டினாலும் மணல். கல் அங்கே தொலைவிலிருந்து லாரியேறி வந்தது, கல்லின் விலையைவிட லாரி வாடகை கடித்தது. கல்லுக்கு மாற்று அந்த ஊர்களின் புறம்போக்கிலேயே குவிந்துகொண்டிருந்தது. அதை எல்லோரும் தலைவலி என்றே அழைத்தார்கள்.

அந்தத் தலைவலியின் பூர்வீகம் ஓர் அடுப்பில் இருந்தது. 1830-களில் ரப்பர் ஒரு சபிக்கப்பட்ட சரக்கு. கோடையில் உருகி ஒட்டியது, குளிரில் விறைத்து உடைந்தது. ரப்பர் கம்பெனிகள் வரிசையாகத் திவாலாயின. சார்ல்ஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் மட்டும் விடவில்லை. கடனுக்காகப் பலமுறை சிறைக்குப் போனார், வந்தார், மறுபடி ரப்பரைப் பிசைந்தார். 1839-ல் கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று தற்செயலாகச் சூடான அடுப்பில் பட்டது என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. உருகியிருக்க வேண்டிய ரப்பர் தோல்போலக் கருகி உறுதியாயிற்று. 1844-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பணம் தங்கவில்லை. மூராஸ் தன் தொட்டியைக் கட்டிய காலத்தில், 1860-ல், குட்இயர் பெருங்கடனோடு இறந்தார். உருகாத, அழுகாத, வெயிலுக்கும் மழைக்கும் அசையாத பொருளைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் தேடினார். அளவுக்கு மீறியே ஜெயித்துவிட்டார் என்பது தெரிய இன்னும் நூறாண்டு ஆனது.

1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல்பாவிய தெருவில் குலுங்குவதைக் குறைக்கக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். இதே யோசனைக்கு 1845-லேயே ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது பிறகு தெரிந்து, டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. பெயர் மட்டும் தங்கியது. 1946-ல் பிரான்ஸின் மிஷ்லின் கம்பெனி, டயரின் வயிற்றில் எஃகுக் கம்பி வலையைப் பொதித்து ரேடியல் டயருக்கு உரிமை வாங்கியது. அதே ஆண்டில் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் எம்.ஆர்.எஃப். கம்பி வைத்த டயர் அதிகம் ஓடியது, லேசில் தேயவில்லை. தேய்ந்தபின் அதைக் கொல்லவும் முடியவில்லை. வெட்டப் போனால் கம்பி கத்தியை மழுக்கியது.

குப்பைமேட்டில் புதைத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில், தண்ணீரில் அமுக்கிய பந்து மாதிரி, முழு டயர்கள் மேல்நோக்கி நகர்ந்து மூடிய மண்ணைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்த்தன. உள்வளையத்தில் அடைபட்ட காற்றும் வாயுவும் செய்த வேலை. குப்பைமேடுகள் டயரை வாங்க மறுக்கத் தொடங்கின. 1985-ல் மினசோட்டா மாநிலம் டயரைப் புதைப்பதற்குச் சட்டப்படியே தடை போட்டது. ஆகவே ஊருக்கு வெளியே, மரங்களுக்குப் பின்னால், பள்ளத்தாக்குகளில் மலைமலையாகக் கொட்டினார்கள். 1990-வாக்கில் அமெரிக்காவில் அப்படிக் குவிந்திருந்தவை சுமார் நூறு கோடி டயர்கள். ஒவ்வொரு டயருக்குள்ளும் மழைத்தண்ணீர் ஒரு கை தேங்கியது. 1985-ல் ஹூஸ்டன் நகரில், ஆசியாவிலிருந்து இறக்குமதியான பழைய டயர்களோடு வந்திறங்கிய புலிக்கொசு குடியேறியிருப்பது தெரிந்தது. கொசுவைச் சமாளித்துவிடலாம். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே வர்ஜீனியாவில் நடந்துவிட்டது சமாளிக்கக் கூடியதாக இல்லை.

1983 அக்டோபர் 31 அன்று, வின்செஸ்டர் ஊருக்கு அருகில் பல லட்சம் டயர்கள் குவிந்திருந்த ஒரு மேடு தீப்பிடித்தது. தண்ணீர் பீய்ச்சினால் மேல்வரிசை அணைந்தது. உள்ளே, ஒவ்வொரு வளையத்திலும் அடைபட்ட காற்றைத் தின்று தீ தொடர்ந்தது. கரும்புகை மாநில எல்லைகளைத் தாண்டியது. வெந்த ரப்பர் எண்ணெயாக உருகி ஓடைப்பக்கம் வழிந்தது. அதை லட்சக்கணக்கான லிட்டர் தேக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. புகைச்சல் அடங்க ஒன்பது மாதம் பிடித்தது. 1990 பிப்ரவரியில் கனடாவின் ஹேகர்ஸ்வில் ஊரில் ஒரு கோடியே நாற்பது லட்சம் டயர்கள் கொண்ட மேடு பதினேழு நாள் எரிந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். இனி டயரை முழுசாகக் குவித்து வைப்பதில்லை என்ற முடிவுக்கு அரசுகள் வந்தன. அப்படியானால் துண்டாக்கியாக வேண்டும். ராட்சதப் பற்கள் கொண்ட அரவை எந்திரங்கள் வந்தன. மலை மலையாகத் துண்டுகள் குவிந்தன. துண்டுகளை யார் வாங்குவது?

சிமென்ட் சூளைகள் கொஞ்சம் வாங்கி எரித்தன. சாலைக்காரர்கள் கொஞ்சம் வாங்கித் தாழ்வான இடங்களை நிரப்பினார்கள். எடை குறைவு என்பதால் இளகிய சேற்றுநிலத்தில் போடும் சாலைக்கு அது தோதாக இருந்தது. மெய்ன் பல்கலைக்கழகத்தின் டேனா ஹம்ஃப்ரி போன்ற பேராசிரியர்கள் அழுத்தியும் நனைத்தும் அளந்துபார்த்தார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது 1995-ல் மறுபடி புகை. வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு சாலைகளுக்கு அடியிலும் கொலராடோவில் ஒரு தாங்குசுவருக்குப் பின்னாலும், யாரும் தீ வைக்காமலே துண்டுகள் தாமாகச் சூடேறிப் புகைந்தன. மூன்றிலும் நிரப்பு எட்டு மீட்டருக்கு மேல் கனமாக இருந்தது. கம்பி துருப்பிடிக்கும்போது பிறந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. டயர்த் துண்டின் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

அந்தத் தோல்விதான் அதைக் காப்பாற்றியது. எவ்வளவு கனத்துக்கு மேல் போடக்கூடாது, எவ்வளவு பொடி இருக்கலாம், கம்பி எவ்வளவு நீளம் நீட்டலாம் என்று உட்கார்ந்து எழுத வைத்தது. 1998-ல் அது முறையான தர அளவாகவே வெளிவந்தது. கனமாகக் குவித்தால் ஆபத்து. மெல்லியதாக, ஓர் அடி உயரத்துக்கு, எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் பரப்பினால்? அப்படி ஓர் இடம் ஏற்கெனவே லட்சக்கணக்கான வீடுகளின் பின்புறத்தில் இருந்தது. 1990-லேயே வெர்மான்ட் மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறைக்காக அந்த யோசனையை ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதப்பட்டிருந்தது. கல்லுக்குத் திண்டாடிய தெற்கு மாநிலங்களில் அது விதியாகவே ஏறியது. சவுத் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா, வர்ஜீனியா ஆகியவை கழிவுநீர் வாய்க்காலில் கல்லுக்குப் பதில் டயர்த் துண்டு போட அனுமதித்தன. டயர் எரிந்து புகைந்த அதே வர்ஜீனியா! பச்சைப் புல்வெளிக்குக் கீழே, மூராஸின் தொட்டி பாதியில் விட்ட வேலையை மண் முடிப்பதற்கு, குட்இயரின் அழுகாத ரப்பர் இடம் பிடித்துக் கொடுத்தது.

கிட்டத்தில் பார்த்தால் அழகில்லாத பொருள் அது. இரண்டங்குலச் சதுரம் என்று பேர், உண்மையில் எந்தத் துண்டும் சதுரமில்லை. ஒரு பக்கம் டயர்ப் பட்டனின் பள்ளமேடு, மறுபக்கம் வழுவழுப்பு, வெட்டுவாயில் பித்தளைப் பூச்சு மின்னும் கம்பி நுனிகள். கையுறை இல்லாமல் அள்ளினால் ரத்தம் பார்க்காமல் விடாது. கம்பி அரை அங்குலத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்ற விதிக்கு அந்த ரத்தமும் ஒரு காரணம், வேலைக்கு வரும் எந்திரங்களின் டயர் பஞ்சர் ஆவது இன்னொரு காரணம். செத்த டயர் உயிரோடிருக்கும் டயரைக் குத்துவதில் ஒரு வஞ்சம் தெரிகிறது. ஆனால் வாய்க்காலுக்குள் இறங்கியதும் அதன் குணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. எடை, கல்லில் மூன்றில் ஒரு பங்குதான். ஒருவர் வாரி இறைக்கலாம், அடிமண்ணில் கல்லளவு பதியாது. கல்தூள் கிடையாது. ஜல்லிக் குவியலில் பத்தில் நாலு பங்குபோல வெற்றிடம் என்றால் டயர்த் துண்டில் ஆறு பங்கு, அதே வாய்க்காலில் கூடுதல் தண்ணீர் நின்றது. மேலே ஒரு துணி விரித்து மண்ணை மூடிவிட்டால் கல்லா ரப்பரா என்று புல்லுக்குத் தெரியாது. கிணற்றுக்குத் தெரியுமா என்ற சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது.

மெய்ன் மாநிலத்தில் ஹம்ஃப்ரி குழுவினர் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் துண்டுகளைப் புதைத்து ஆண்டுக்கணக்கில் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். கம்பியிலிருந்து இரும்பும் மாங்கனீசும் இறங்கின. தண்ணீரின் நிறத்தையும் ருசியையும் கெடுக்கிற அளவு, நீர்மட்டத்துக்குள் மூழ்கிய இடத்தில் அதிகமாக. குடிநீருக்கு விஷம் என்று சொல்லும்படியாக அப்போது எதுவும் தென்படவில்லை. நீர்மட்டத்துக்கு மேலே போடு என்பதோடு பிரச்சினை தீர்ந்ததாகக் கருதப்பட்டது. அதே காலத்தில், பூமியின் மறுபக்கத்தில், இந்தக் கறுப்பு ஜல்லியைப் பற்றிக் கேள்விப்படவே தேவையில்லாத ஊர்கள் இருந்தன.

மாரண்டஹள்ளி அதில் ஒன்று. தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்துப் பேரூராட்சி. சேலம்–பெங்களூரு ரயில் பாதை ஊரைத் தொட்டுப் போகிறது, பக்கத்தில் பஞ்சப்பள்ளி சின்னாறு அணை, சுற்றிலும் தக்காளித் தோட்டம். இங்கே கணக்கு அமெரிக்கக் கடலோரத்துக்கு நேர் எதிர். தோண்டினால் கொஞ்சம் செம்மண், கொஞ்சம் சரளை, அதற்குக் கீழே பாறை, இன்னும் பாறை. கிணறு வெட்ட வெடி வைத்த மாவட்டம் இது. கல்குவாரியும் கிரஷரும் கூப்பிடு தூரத்தில். டிப்பர்க்காரருக்கு ஒரு போன் போட்டால் முக்கால் ஜல்லியோ ஒன்றரை ஜல்லியோ யூனிட் கணக்கில் வாசலில் கொட்டிவிட்டுப் போவார். கல் தேடி அலையாத ஊரில் கல்லுக்கு மாற்று பிறக்க முகாந்தரமே இல்லை.

டயரும் இங்கே மலையாகக் குவிந்ததில்லை, குவிய விட்டால்தானே. பெங்களூருக்கும் சென்னைக்கும் தக்காளி ஏற்றிப்போகும் லாரியின் டயர், பட்டன் தேய்ந்ததும் ரீட்ரேடிங் கடைக்குப் போகும். புதுப் பட்டனும் தேய்ந்தபின் டிராக்டர் டிரெய்லருக்கோ டயர் வண்டிக்கோ மாறும், மாட்டுக்கு அது எத்தனையாவது ஜென்மம் என்று தெரியாது. அங்கேயும் ஓய்ந்தால் தகரக் கூரை காற்றில் பறக்காமலிருக்க மேலே ஏறும். பாதியாக அறுத்தால் ஆட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி. பொடியன்கள் குச்சியால் தட்டித் தெருவில் ஓட்டிய காலமும் உண்டு. மழைக்காலத்தில் டெங்குத் தடுப்புக்கு வரும் ஆட்கள் வீட்டு மூலையில் கிடக்கும் டயரைக் கவிழ்த்து, திட்டிவிட்டுப் போவார்கள். ஹூஸ்டனில் 1985-ல் இறங்கிய அதே குடும்பத்துக் கொசுதான் அவர்களுக்கும் எதிரி. கடைசியில் பழைய இரும்புக் கடை. அங்கிருந்து டயரை உருக்கி எண்ணெய் எடுக்கும் ஆலைகளுக்கும், தாரோடு கலந்து சாலை போட ரப்பர்த் தூள் அரைக்கும் ஆலைகளுக்கும் போகும். போகி வரும்போதெல்லாம் டயரை எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டுக்கொள்வது வழக்கம். இத்தனை பேர் போட்டிக்கு நிற்கும் பொருளை வாய்க்காலில் புதைக்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததே ஒருவகை அதிர்ஷ்டமாக இருக்கலாம் என்ற செய்தி 2020 டிசம்பரில் வந்தது.

அமெரிக்காவின் வடமேற்கு ஓடைகளில் கோஹோ என்ற சால்மன் மீன்கள், முட்டையிடத் திரும்பி வரும்போது, மழை பெய்த சில மணி நேரத்தில் தள்ளாடிச் செத்துக்கொண்டிருந்தன. பல ஆண்டு மர்மம் அது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாலையிலிருந்து வழிந்த மழைநீரைப் பிரித்துப் பிரித்துத் தேடி, ஒரே ஒரு வேதிப்பொருளில் வந்து நின்றார்கள். டயரில் வெடிப்பு விழாமலிருக்க அதில் 6பிபிடி என்ற பாதுகாப்புச் சரக்கைச் சேர்ப்பது பல காலமாக நடப்பது. அது காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து குயினோன் வகைப் பொருளாக மாறி, மீன்களைக் கொன்றிருந்தது. குற்றவாளி சாலையில் தேய்ந்து பறந்த டயர்த் தூள்தான், புதைத்த துண்டு அல்ல. ஆனாலும் ஹம்ஃப்ரி காலத்துச் சோதனைப் பட்டியலில் இந்தப் பெயரே இல்லை, அப்போது அது யாருக்கும் தெரியாது. 2023 அக்டோபரில் கலிபோர்னியா மாநிலம் டயர்க் கம்பெனிகள் அந்தச் சரக்குக்கு மாற்றுத் தேட வேண்டும் என்று விதி போட்டது. குட்இயர் தேடிய அழியாத ரப்பரின் அழியாமையே மறுபடி விசாரணைக் கூண்டில் ஏறியது.

இந்தியாவில் 2022 ஜூலையில் வந்த விதித்திருத்தம், தேய்ந்த டயரை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் தலையில் வைத்தது. பழைய இரும்புக் கடைக்குப் போகும் டயருக்கு இனி காகிதத்தில் கணக்கும் உண்டு. ஆகவே தமிழ்நாட்டில் எவராவது நாளை டயர்த் துண்டை உறிஞ்சுகுழிக்குப் போடலாமே என்று கிளம்பினால், பொருள் கிடைக்கும், விலையும் ஒருவேளை கட்டுப்படியாகும். மாரண்டஹள்ளிப் பாறைக்கு அது எடுபடாது. மணலில் கழிவுநீர் மெதுவாக வடிகட்டி இறங்கும். பாறையிலோ விரிசல் கண்ட இடத்தில் சட்டென்று நழுவி, எந்தக் கிணற்றில் போய் முளைக்கும் என்று சொல்ல முடியாது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தாலும், புழங்கவும் பாசனத்துக்கும் கிணறும் போர்வெல்லும்தான். மண் சில அடிகூட இல்லாத இடத்தில் வாய்க்காலுக்குள் கல்லைப் போட்டாலும் ரப்பரைப் போட்டாலும் சுத்தம் செய்யும் வேலையாள் இல்லை.

இந்திய தர நிர்ணயப் புத்தகத்தில் செப்டிக் டேங்குக்கென்றே ஐ.எஸ். 2470 என்ற விதி இருக்கிறது. தொட்டி ஒரு பாகம், வெளியேறும் தண்ணீர் இன்னொரு பாகம். மூராஸ் விட்ட மிச்சத்துக்குத் தனிப் பாகமே ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் வாய்க்காலுக்கு ஜல்லியின் அளவு உண்டு, ஆழம் உண்டு, அகலம் உண்டு. குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி அமைக்க வேண்டும் என்றும் உண்டு. நம் ஊர்களில் பெரும்பாலான தொட்டிகளுக்கு இரண்டாம் பாகம் கட்டப்படுவதே இல்லை. சிமென்ட் உறை இறக்கி, அடியைத் திறந்துவிட்டு, அதற்கும் செப்டிக் டேங்க் என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் குழாய் நேரே தெருச் சாக்கடையில் எட்டிப் பார்க்கும். நிறைந்தால் கழிவுநீர் லாரி. கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. முப்பதுக்கு நாற்பது அடி மனையில், நீண்ட பக்கமே பன்னிரண்டு மீட்டர்தான். பதினெட்டு மீட்டரை அளக்க டேப்பை இழுத்தால், அது காம்பவுண்டைத் தாண்டி, பக்கத்து வீட்டு போர்வெல்லையும் தாண்டி, தெருவில் போய் முடிகிறது.